புதுப்பிப்பு: ஆடாதோடைக் கஷாயம் பற்றிக் கேட்டவர்களுக்கு

இலங்கை மலையகத்து ஹட்டனின் மழைக்கால இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் காய்ச்சுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். பக்குவம் என்ன, தேயிலை மலையில் பறித்த இலை ஆகுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

பக்குவம் பழைய கணக்குத்தான்: எட்டுக் கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்ற வேண்டும். தணலில் வைத்தால் நிறம் மெல்ல மெல்லக் கறுத்து, பச்சை நுரை ஓரமாக ஒதுங்கும். இஞ்சி, கொத்தமல்லி எவ்வளவு போட்டாலும் கசப்பு அசைந்துகொடுக்காது. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்துவிடுங்கள், வேறு வழியில்லை.

தேயிலை நிரைக்குள்ளும் கானோரத்திலும் (வடிகால் ஓரத்திலும்) எதையும் பறிக்காதீர்கள். 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட் என்ற களைநாசினி, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கானோரத்து வல்லாரை கண்ணுக்குக் கொழுகொழுவென்று இருக்கும். களைநாசினி அடித்த நீர் ஓடிவரும் இடமும் அதுதான். கஞ்சிக்கு வேண்டுமானால் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு பாத்தி போடுங்கள், தானாகவே படரும்.

கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை வேண்டவே வேண்டாம்; அது கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. "பாட்டி கொடுத்தாரே" என்று வாதாட வராதீர்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் கஷாயத்தை நிறுத்திவிட்டு, அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.