ரொறன்ரோவிலிருந்து வந்த இசைத்தட்டு

எண்பதுகளில் திருகோணமலைப் பிரதான வீதியில் இருந்த ஒரு ரெக்கோடிங் பாரில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் 60 நிமிடக் கசெற்றில் நிரப்பித் தருவார்கள். ஆகையால் 1999இல் இணையத்தில் பாட்டுக் கோப்புகளை ஆளுக்காள் பகிரும் நாப்ஸ்டர் வந்து, பாட்டு இலவசமாகிவிட்டதென்று இசை நிறுவனங்கள் பதறியபோது எனக்கு அது புதுமையாகப் படவில்லை. உரிமையாளருக்கு ஒரு சதமும் கொடாமல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

சென்ற ஆண்டு ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வந்த மருமகன் ஓர் இசைத்தட்டைக் கையில் தந்தார். ரொட்ரிகஸ் என்னும் டெட்ராயிற் பாடகர் 1970இல் வெளியிட்டு, அமெரிக்காவில் விலைபோகாத ‘கோல்ட் ஃபக்ட்’ அது. சியாற்றிலின் லைற் இன் தி அற்றிக் நிறுவனம் 2008இல் அதை மீண்டும் வெளியிட்டது.

“சும்மா இறக்கிக் கேட்கலாமே, ஏன் காசைக் கரைச்சனீர்?” என்றேன்.

“உள்ளுக்கு இருக்கிற தாளை வாசியுங்கோ மாமா.”

வாசித்தேன். கிற்றார் வாசித்த டெனிஸ் கொஃபி முதல் பலரின் பெயர்களும், பாடகரின் கதையும் அதில் இருந்தன. தென்னாபிரிக்காவில் தம் தட்டுகள் பெருவாரியாக விற்பதை அறியாமல் டெட்ராயிற்றில் பழைய வீடுகளை இடித்துப் பிழைத்த மனிதர், 1998இல்தான் அங்கே மேடையேறினார். பாட்டு எங்கும் கிடைக்கும் காலத்தில், உரிமையாளரைத் தேடிப் பிடித்து ஒப்பந்தம் எழுதி, மூல நாடா கிடைத்தால் அதிலிருந்தும் கிடையாதபோது கீறல் குறைந்த ஒரு தட்டிலிருந்தும் ஒலியை மாற்றியெடுத்து, இத்தனை பெயர்களையும் அச்சேற்றும் வேலைக்கே இத்தகைய நிறுவனங்கள் காசு வாங்குகின்றன என்பது அப்போதுதான் விளங்கியது. விலை அதிகந்தான், அதை நான் மறுக்கவில்லை.

என் கைபேசியில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப் பாடல்கள் இருக்கின்றன. ஒரு கோப்பின் பெயர் ‘ட்ராக் 07’. பொங்கோஸ் அடித்தவர் யார், எந்தக் கலையகத்தில் பதிந்தார்கள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. இன்னொன்றில் பாடகரின் பெயரே மாறிக் கிடக்கிறது.

*

உப்புவெளியிலிருந்து இன்னொருவர்:

ஐயா எழுதியதை வாசித்த பின் அப்பாவின் தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். கடலோர வீடு என்பதால் உறைகளில் பூஞ்சணம். தட்டுகளின் நடுவிலுள்ள வட்டத் தாளைப் பூச்சி அரித்திருந்தது. தட்டைக் கழுவலாம், அந்தத் தாளைக் கழுவ முடியாது. 45 சுழற்சித் தட்டொன்றில் இசையமைப்பாளர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளே மிஞ்சியிருந்தன. அப்பா பார்த்ததும் முழுப் பெயரைச் சொன்னார், எழுதி வைத்துக்கொண்டேன். மற்ற இரண்டு தட்டுகளைப் பற்றி அவருக்கும் ஞாபகமில்லை.