கம்ப்யூட்டர் ஸ்பேஸ் (1971) ஃபைபர்கிளாஸ் கூடு: வெளிறிய நீலத்தை மீட்க இயலுமா?

நீலக்கூடு:

வணக்கம். நான் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். ஒரு மதுக்கூடத்தின் பின்னறையில் நெடுங்காலம் கிடந்த கம்ப்யூட்டர் ஸ்பேஸ் ஆர்கேட் இயந்திரம் (காசு போட்டு ஆடும் வீடியோ ஆட்டப் பெட்டி) ஒன்று அண்மையில் என் கைக்கு வந்திருக்கிறது. மவுண்டன் வியூ நகரிலிருந்த நட்டிங் அசோசியேட்ஸ் நிறுவனம் 1971 இறுதியில் வெளியிட்ட, ஒருவர் ஆடும் வகை இது. உள்ளிருக்கும் மின்பலகைகள் நுண்செயலி இல்லாமல் டிடிஎல் எனப்படும் எளிய தர்க்கச் சில்லுகளால் மட்டுமே ஆனவை. அவற்றைப் பொறுமையாகச் சோதித்துச் சரிசெய்துகொள்ள முடியும் என்று நம்புகிறேன். என் கவலை வெளிக்கூட்டைப் பற்றியது. மினுக்குத் துகள் கலந்த நீலநிற ஃபைபர்கிளாஸ் கூடு அது. கட்டுப்பாட்டுப் பலகையைக் கழற்றியபோது அதன் அடியில் ஆழ்ந்த, பளபளக்கும் நீலம் அப்படியே இருந்தது. பக்கங்களோ சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கின்றன, மேல்வளைவு இன்னும் மோசம். சிகரெட் புகைப் படிவும் இருக்கிறது. கார் பட்டறைக்காரர் ஒருவர், முழுவதையும் தேய்த்துவிட்டுப் புதிதாக வண்ணம் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய மேற்பரப்பையே மீட்க வழி உண்டா?

படகுப்பட்டறை:

வணக்கம். பட்டறைக்காரரிடம் இப்போதைக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கூட்டின்மேல் இருப்பது பெயின்ட் அன்று, ஜெல்கோட்; அதாவது ஃபைபர்கிளாஸின் மேற்பரப்பாக அமையும் பிசின் அடுக்கு. இவ்வகைக் கூடுகளை அச்சில் செய்யும்போது வரிசை தலைகீழாக இருக்கும்: முதலில் அச்சின் உட்புறத்தில் நிறமற்ற ஜெல்கோட், அதன்மேல் மினுக்குத் துகள் கலந்த அடுக்கு, பிறகு பின்னணி நிறம், கடைசியாகத்தான் கண்ணாடியிழையும் பிசினும். அச்சிலிருந்து எடுத்துத் திருப்பினால், துகள்கள் ஒரு மெல்லிய தெளிந்த அடுக்குக்குள் புதைந்திருக்கும். அக்காலத்து மினுக்கு ஃபைபர்கிளாஸ் படகுகளும் இதே முறையில் செய்யப்பட்டவைதாம். ஆகவே நீங்கள் தேய்க்கக்கூடிய பொருள் அந்தத் தெளிந்த அடுக்கு மட்டுமே; அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான், அதுவும் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது.

தேய்ப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மென்மையான சோப்புத் தண்ணீரால் புகைப் படிவை முழுவதும் நீக்கி, காயவிட்டு, பிறகு வெளிறிய இடத்தில் சுத்தமான தண்ணீரைத் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டதும் நீலம் ஆழ்ந்து தெரிந்தால், வெயிலின் புற ஊதாக் கதிரால் ஜெல்கோட்டின் மேற்பரப்பு மட்டும் பொடித்துப்போயிருக்கிறது என்று பொருள். அதை மெருகேற்றி மீட்கலாம். ஈரமாக இருக்கும்போதும் வெளிறியே, வெள்ளியாகத் தெரிந்தால், துகள்களின்மேல் இருந்த சாயமே போய்விட்டது. உள்ளே இருப்பது அலுமினியம் பூசிய மெல்லிய படலம். சாயம் போனால் அதன் சொந்த நிறம்தான் எஞ்சும். அந்த நிலையில் எந்த பாலிஷும் நீலத்தைக் கொண்டுவராது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

நீலக்கூடு:

மிக்க நன்றி. சோதித்துப் பார்த்தேன். இரண்டு பக்கங்களிலும் தண்ணீர் பட்டவுடன் நீலம் நன்றாகத் தெளிந்தது. மேல்வளைவில் மட்டும், குறிப்பாக முன்பக்கச் சரிவில், வெள்ளிநிறம் மாறவில்லை. பக்கங்களுக்கு எந்த எண் வாட்டர் பேப்பரில் தொடங்குவது? மேல்வளைவுக்கு நீலம் கலந்த கிளியர் கோட் (தெளிந்த மேற்பூச்சு) அடித்தால் நிறம் பொருந்துமா?

படகுப்பட்டறை:

முதல் வேலையாக மின்பலகைகளையும் படக்குழாயையும் வெளியே எடுத்துவிடுங்கள். படக்குழாயில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும் என்பதால் அதை முறைப்படி இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். முன்பக்க அக்ரிலிக் தகட்டையும் கழற்றுங்கள், ஆல்கஹாலோ அசிட்டோனோ பட்டால் அதில் நுண்விரிசல் ஓடிவிடும்.

தொடக்கத்தில் வாட்டர் பேப்பரே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், படகு ஜெல்கோட்டுக்கென்று விற்கும் ரப்பிங் காம்பவுண்டை (தேய்ப்புப் பசை) கையால் தேய்த்துப் பாருங்கள். அதிலேயே பொடிப்பு நீங்கினால் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். நீங்காவிட்டால் மட்டும் 1500 எண்ணில், தண்ணீரோடு, மென்மையான கட்டையில் சுற்றித் தேய்த்து, பிறகு 2000, 3000 என்று போங்கள். 600, 800 என்று சொரசொரப்பான தாளுக்கு இறங்குவது படகுக்குச் சரியாக இருக்கலாம், இதற்குக் கூடாது. தேய்க்கும்போது வடியும் தண்ணீரைக் கவனித்துக்கொண்டே இருங்கள்: பால்போல் வெள்ளையாக வந்தால் நீங்கள் இன்னும் தெளிந்த அடுக்கில்தான் இருக்கிறீர்கள், அதில் மினுக்கு தெரிந்தால் துகளைத் தொட்டுவிட்டீர்கள், அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டும். வெட்டுப்பட்ட துகளின் சாயம் திரும்ப வராது.

கூர்மையான வளைவுகளிலும் விளிம்புகளிலும் அடுக்கு மிக மெல்லியதாக இருக்கும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டி, மெஷினை விலக்கி, கடைசியில் கையால் மட்டும் மெருகிடுங்கள். மெஷின் பயன்படுத்தினால் ஸ்பாஞ்சு பேடும் குறைந்த வேகமும் போதும், ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் மேற்பரப்பு கெடும். உலர்ந்த நிலையில் தேய்த்து அந்தத் தூசியைச் சுவாசிக்காதீர்கள். நட்சத்திர வடிவில் சிறு விரிசல்கள் இருந்தால் அவற்றைத் தோண்ட வேண்டாம்.

மேல்வளைவைப் பொறுத்தவரை, நிறம் கலந்த கிளியர் கோட் அடித்தால் ஓரளவு பொருந்தும். தேர்ந்த கை வேண்டும். இரு கூறுகளைக் கலந்து அடிக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைப் பாதிக்கும் வேதிப்பொருள் இருப்பதால் அதை வீட்டுக் கராஜில் சாதாரண முகக்கவசத்தோடு அடிப்பது ஆபத்து.

பழையதேபோதும்:

மேல்வளைவு குறித்து நான் மாறுபடுகிறேன். இந்த இயந்திரம் மொத்தம் 1,300 முதல் 1,500 வரைதான் விற்றதாகக் கணக்கு. இதை உருவாக்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் களிமண்ணில் பிடித்த உருவத்திலிருந்து வந்த இக்கூடுதான் அந்த இயந்திரத்தின் பாதி அடையாளம். கிளியர் கோட் பிடிக்க வேண்டுமானால் அடியில் இருக்கும் மூலப் பரப்பை முதலில் சொரசொரப்பாக்க வேண்டும். பின்னால் மனம் மாறினால் அதை மூலத்துக்குச் சேதமில்லாமல் உரிக்கவும் முடியாது. பக்கங்கள் மெருகேறிய பிறகு மேல்வளைவு இன்னும் வெளிறித் தோன்றும் என்பது உண்மை. அதனால் பக்கங்களைக் கண்ணாடிபோல் ஆக்காமல், ஓரளவு மெருகிலேயே நிறுத்துங்கள்; வேறுபாடு கண்ணை உறுத்தாது. மேல்வளைவைக் காம்பவுண்டால் லேசாகத் துடைத்து, மெழுகு மட்டும் இடுங்கள்.

மெழுகு என்றால் சிலிகான் கலக்காத கார்னாபா மெழுகு (ஒருவகைப் பனையோலையிலிருந்து எடுப்பது). சிலிகான் படிந்துவிட்டால், என்றேனும் ஓர் இடத்தில் ஜெல்கோட் ஒட்டுப்போட நேரும்போது அது ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.

நீலக்கூடு:

இரு தரப்பையும் எடைபோட்டுப் பார்த்ததில், மேல்வளைவை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறேன். பட்டறைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். ஆட்டத்தை ஓடவைத்த பிறகு இதை வரவேற்பறை ஜன்னலருகே வைக்கலாமா?

படகுப்பட்டறை:

ஜன்னலருகே வேண்டாம். வேறு இடமே இல்லையென்றால், கண்ணாடியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டி, திரைச்சீலையும் போடுங்கள். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரில் ஒரு பகுதியைத்தான் நிறுத்தும். மெழுகும் வெயிலுக்குப் பெரிய காப்பு அன்று. தூசியும் கைரேகையும் படியாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.