ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தொடங்குவோருக்கு: மூன்றாவது வாரத்தில் நான் நிறுத்திய கதை

தெம்பனிஸ்வாசி:

என் தங்கை போன வாரம் ஒற்றைத் தலைவலிக்குத் தடுப்பு மாத்திரை எடுக்கத் தொடங்கினாள். நான்காம் நாளே, "அக்கா, இன்னும் வலிக்கிறது. இது எனக்குச் சரிப்படாது" என்று செய்தி அனுப்பினாள். இதே மருந்தைப் பற்றி நானும் இதையேதான் சொன்னேன். அவளுக்கு எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன்.

எனக்குப் பள்ளிக் காலத்திலிருந்தே இந்த வலி உண்டு. இடது கண்ணுக்குப் பின்னால் தொடங்கும், குமட்டும், வெளிச்சம் ஆகாது. அம்மா நெற்றியில் கோடாலித் தைலத்தைத் தேய்த்து, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போவார். முப்பத்தைந்து வயதைத் தாண்டியபின் மாதத்தில் பன்னிரண்டு நாள் படுக்கும் நிலை வந்தது. பலதுறை மருந்தகத்திலிருந்து நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினார்கள். பல வாரம் காத்திருந்து போனதாலேயே, அவரைப் பார்த்துவிட்டால் வலி போய்விடும் என்று மனத்தில் ஊன்றிவிட்டது.

தங்கை இப்போது எடுக்கும் அதே தடுப்பு மாத்திரையை, புரோப்ரனோலாலை, கொடுத்தார். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும் என்றார். மூன்று வாரத்தில் ஏழு முறை வலி வந்தது. மாத்திரையை அப்படியே நிறுத்தினேன், அடுத்த சந்திப்புக்கும் போகவில்லை. அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதே பிறகுதான் தெரிந்தது. ஏழு மாதம் வீணாயிற்று.

மறுபடி போனபோது வேறொரு மருத்துவர் இருந்தார். "எத்தனை நாள் குறைந்தால் உங்களுக்கு நிம்மதி?" என்று கேட்டார். "வரவே கூடாது" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். இந்த நோயை வேரோடு எடுக்கும் மருந்து இன்னும் இல்லை. தடுப்பு மருந்தால் வலி நாள்கள் பாதியாகக் குறைந்தால் அதுவே நல்ல பலன். அதையும் சரியான அளவை எட்டியபின் 8 முதல் 12 வாரம் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதல் மருந்து ஒத்துவராமல் இரண்டாவது, மூன்றாவது என்று மாற்ற வேண்டியும் வரலாம்.

முதல் முறை இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சந்திப்பு நேரம் குறைவு என்பது புரிகிறது. ஆனாலும் மருந்துச் சீட்டை நீட்டும்போது இந்த நான்கு வாக்கியங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மறுபடி தடுப்பு மருந்தைத் தொடங்கி, சமையலறை நாள்காட்டியில் வலி வந்த தேதிகளைச் சிவப்பில் வட்டமிட்டேன். நான்காம் மாதம் எண்ணினால் ஆறு வட்டம். அந்த ஆறு நாளும் வலித்தது உண்மை. ஆனால் நாள்காட்டி இல்லாதிருந்தால், "எதுவும் மாறவில்லை" என்று மருத்துவரிடம் சத்தியமே செய்திருப்பேன். வலித்த நாள்தான் மனத்தில் நிற்கிறது, வலிக்காத நாளை யார் எண்ணுகிறார்கள்?

ஈசூன் தம்பி:

அக்கா, என் கதை மாத்திரை அதிகமானது. இரவு வேலை என்பதால் வலி வருமுன்பே இரண்டு போட்டுக்கொள்வேன். அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கிறது என்று மருத்துவர் சொன்னபோது நம்ப முடியவில்லை. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளை எட்டக்கூடாது, ஒற்றைத் தலைவலி வந்ததும் போடும் டிரிப்டான் வகை 10 நாளை எட்டக்கூடாது என்றார். நிறுத்தினால் முதலில் வலி கூடும், இரண்டு வாரமாவது பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொன்னபடியே கூடியது. ஐந்தாம் நாள் கழிவறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் எச்சரித்திருக்காவிட்டால் அன்றிரவே பழைய மாத்திரைக்குத் திரும்பியிருப்பேன்.

இப்போது டிரிப்டானை வலி தொடங்கியதுமே போடுகிறேன். முற்றியபின் போட்டால் பாதிப் பலன்கூட இல்லை.

உட்லண்ட்ஸ் வாசகி:

எனக்கு ஆஸ்துமா இருப்பதால் புரோப்ரனோலால் கூடாது என்றார்கள். அமிட்ரிப்டிலின் என்ற வேறு தடுப்பு மாத்திரை கிடைத்தது. வாய் வறண்டது, காலை ரயிலில் நின்றபடியே கண் செருகியது. இரவு பத்து மணி மாத்திரையை எட்டு மணிக்கு மாற்றச் சொன்னார் மருத்துவர், தூக்கக் கலக்கம் பெருமளவு குறைந்தது. பக்க விளைவு வந்தால் உடனே நிறுத்தாமல் கேட்டுப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை போடும் புதிய ஊசியைப் பற்றி உறவினர்கள் கேட்கிறார்கள். அவ்வகையில் முதலாவது 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்கு வலி ஏறக்குறைய நின்றேபோகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. விலையும் அதிகம். அதற்கும் இதே பொறுமை வேண்டும்.

இன்னொன்று. இடி விழுந்தாற்போலத் திடீரென்று வரும் வலி, கை தளர்வது, பேச்சுக் குழறுவது, இவை எதற்கும் நாள்காட்டி பார்த்துக் காத்திருக்க வேண்டாம். உடனே சிங்கப்பூரின் அவசர மருத்துவ வண்டி எண்ணான 995ஐ அழையுங்கள்.

தெம்பனிஸ்வாசி:

உட்லண்ட்ஸ் சகோதரி, நீங்கள் ஆஸ்துமாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் தங்கையை அழைத்தேன். அவளுக்குச் சிறு வயதில் இளைப்பு இருந்தது. பெரியவளானபின் வரவில்லை என்பதால் மருத்துவரிடம் சொல்லவே இல்லையாம். அடுத்த மாத்திரையைப் போடுமுன் மருத்துவமனையை அழைத்துப் பேசச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.