அப்டேட்: ஹீட் பம்ப் சூடேறி ட்ரிப் ஆன விஷயம்

மாடியில இருக்கிற ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்ல (காத்துல இருக்கிற சூட்டை இழுத்து தண்ணியைச் சூடாக்குறது) கம்ப்ரசர் சூடாகி ட்ரிப் ஆகுது, அதாவது தானா நின்னுடுதுன்னு முன்னாடி போட்டிருந்தேனே, பாதி பேர் கம்ப்ரசர்ல சுத்துற கேஸ் கம்மின்னீங்க, அது இல்லீங்க. நகரியிலேர்ந்து வந்த மெக்கானிக் அண்ணன் பிரஷர் பாக்குற கேஜ் மாட்டினதும் ஹை பிரஷர் எகிறிச்சு, கேஸ் குறைஞ்சா இப்படி ஏறாது, சூடு தண்ணிக்குப் போக வழியில்லன்னாரு. எங்க திருத்தணி பக்கம் போர் தண்ணி அவ்ளோ உப்பு, கேஸோட சூட்டைத் தண்ணிக்கு ஏத்துற எக்ஸ்சேஞ்சர் பைப்பைக் கழட்டினா உள்ள வெள்ளையா அடை கட்டியிருக்கு, நகத்தால சுரண்டினா பொடியா உதிருது. சிட்ரிக் ஆசிட் கரைச்சு சின்ன பம்ப் வச்சு நுரை நிக்கிற வரைக்கும் சுத்த விட்டு, நல்ல தண்ணியில அலசினோம். செட்டிங்கை 60லேர்ந்து 55 டிகிரிக்கு இறக்கிட்டேன், சூடு கூடக்கூட உப்பு சீக்கிரம் படியும். இப்ப ட்ரிப் இல்ல. கண்ட்ரோல் கார்டு (எலக்ட்ரானிக் போர்டு) மாத்தணும்னு எஸ்டிமேட் குடுத்த சர்வீஸ்காரரு கேஜைத் தொடவே இல்ல பாருங்க! தண்ணியில அடை கட்டாம பண்ற சாஃப்ட்னர் யாராச்சும் போட்டிருந்தா சொல்லுங்க, அதுக்குப் போடுற உப்பு மாசம் எவ்ளோ தின்னுது?