டீசல் அவுட்போர்ட்: எடை கூடினாலும் எடுபடுமா?

கடலோடி: எங்கள் பயணிகள் படகில் 300 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்ட் (படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டும் எஞ்சின்) இரண்டு ஓடுகின்றன. இரண்டையும் இறக்கிவிட்டு டீசல் மாட்டுவதே சரி என்பேன். பெட்ரோல் ஆவி உறைகுளிரிலும் தீப்பிடிக்கும். டீசலுக்கு 50 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். ஆட்களை ஏற்றிப் போகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சுழலி: எடையை விட்டுவிட்டீர்களே ஐயா! காக்ஸ் நிறுவனத்தின் 300 குதிரைத்திறன் டீசல் ஏறத்தாழ 390 கிலோ. அதே திறனுள்ள மெர்க்குரி வி8 (எட்டு சிலிண்டர்) பெட்ரோல் சுமார் 240 கிலோதான். இரண்டுக்கும் சேர்த்துப் பின்பலகையில் கூடுதலாக 300 கிலோ. நாலு பேர் அங்கேயே குந்தியிருப்பது போல. இப்படி மாற்றிய ஒரு படகைப் பார்த்தேன். சும்மா நிற்கும்போதே வடிகால் துளை வழியாகத் தண்ணீர் தளத்துக்கு ஏறி, கயிற்றுச் சுருளை நனைத்துக்கொண்டிருந்தது. காற்றை நசுக்கியே டீசலைப் பற்றவைக்க வேண்டும், அதனால் எஞ்சினின் உடலான பிளாக்கும் சுழல் தண்டான கிராங்கும் தடிமனாகத்தான் இருக்கும்.

கடலோடி: எடையை மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க ஓடும் படகுக்கு எரிபொருள் மிச்சமே பெரிது. ஸ்வீடனின் ஆக்ஸே நிறுவனம், காருக்கு வந்த டீசல் எஞ்சினையே கிடைமட்டமாகப் படுக்கவைத்து, பெல்ட் வழியாகக் கீழே திறனை இறக்குகிறது. எவ்வளவு நல்ல யோசனை!

நீரோட்டம்: டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாவிட்டால் டீசல் இந்தத் திறனை எட்டவே எட்டாது, அங்கே அது அவசியம். பெட்ரோலின் கதை வேறு. மெர்க்குரி 2004-இல் 2.6 லிட்டர் வெராடோ எஞ்சினை சூப்பர்சார்ஜரோடு (எஞ்சின் சுழற்சியாலேயே ஓடிக் காற்றைத் திணிக்கும் கருவி) கொண்டுவந்தது. 2018-இல் அதே திறன் வரிசைக்குள் 4.6 லிட்டர் வி8 வந்தது, சூப்பர்சார்ஜர் இல்லாமலே. காற்றைத் திணிப்பதைவிடக் கொள்ளளவைக் கூட்டுவது எளிதாகிவிட்டது. 450ஆர் போன்ற பந்தய வகைகள்தான் இன்னும் சூப்பர்சார்ஜரை நம்புகின்றன.

சுழலி: சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று: டீசலின் ஒவ்வொரு வெடிப்பும் கீழே கியரில்தான் போய் அறைகிறது. அதைத் தாங்கும் கியர்பாக்ஸ் இன்னும் பருமனாகும், தண்ணீருக்குள் இழுவையும் கூடும். வாரம் ஒருமுறை கடலுக்குப் போகிறவருக்கு அந்த எரிபொருள் மிச்சம் டீசல் எஞ்சினின் விலைக்குக் கட்டாது.

கடலோடி: எங்களுடையது வாரப் படகு இல்லையே. முதலில் 300 கிலோ மணல் மூட்டையைப் பின்பலகையோரம் அடுக்கிப் பார்க்கிறேன், துளை நனைகிறதா என்று.

சுழலி: டேங்கை நிரப்பி, ஆட்களையும் ஏற்றி வைத்துப் பாருங்கள்.