அக்சஸ்: சர்வரில் வைத்த பொதுநிரல் கோப்பு உண்மையில் எங்கிருந்து ஏறுகிறது?

கேள்வி (கிடங்குக் கணக்கர்)

வணக்கம். எங்கள் மொத்த வியாபாரக் கிடங்கில் பதினொரு கணினிகளில் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இயங்குகிறது. அட்டவணைகள் சர்வரில் உள்ளன. படிவங்களும் அறிக்கைகளும் கொண்ட முன்கோப்பு ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே இருக்கிறது. வரித் தொகையை முழு ரூபாயாக்குவது, தொகையை எழுத்தால் எழுதுவது போன்ற பொதுவான ஃபங்ஷன்களை ஓர் ஏசிசிடிஇ கோப்பாக்கி (நிரலைத் திருத்த முடியாதபடி பூட்டிய அக்சஸ் கோப்பு), பி டிரைவ் என்று பொருத்திய சர்வர் பகிர்வில் வைத்து, முன்கோப்பின் ரெஃபரன்ஸ் பட்டியலில் (நிரல் சார்ந்திருக்கும் வெளிக்கோப்புகளின் பட்டியல்) சேர்த்தேன். ஓரிடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று நம்பினேன்.

இப்போது ஒரு கணினியில் பில் படிவத்தைத் திறந்தால் லைப்ரரியை, அதாவது அந்தப் பொதுநிரல் கோப்பை, காணவில்லை என்ற பிழை வருகிறது. அப்போது நிரலில் நிறமேறி நிற்பது நான் எழுதிய ஃபங்ஷன் அன்று, அக்சஸின் நிரல்மொழியான விபிஏவுக்கே சொந்தமான, இன்றைய தேதியைத் தரும் ‘டேட்’. வேறு இரண்டு கணினிகளில் பிழையே இல்லை. ஆனால் நான் சென்ற மாதம் செய்த வரித் திருத்தம் அங்கே மட்டும் வேலை செய்யவில்லை. ரெஃபரன்ஸ் சாளரத்தின் அடியில் பாதை பாதியிலேயே வெட்டுப்பட்டுத் தெரிகிறது. காம்பேக்ட் (கோப்பைச் சுருக்கிச் சீராக்குவது) செய்தும், முன்கோப்பைப் புதிதாக நகலெடுத்தும், மூன்று நாள் போனதுதான் மிச்சம்.

மறுமொழி (பழைய அக்சஸ்காரர்)

‘டேட்’டின் மேல் பழி இல்லை. லைப்ரரியின் பெயர் சொல்லாமல் எழுதிய ஒரு சொல்லை விபிஏ ரெஃபரன்ஸ் பட்டியலில் தேடித்தான் அடையாளம் காண்கிறது. பட்டியலில் ஒன்று காணாமல் போனாலும் அந்தத் தேடல் குலைந்து, சம்பந்தமே இல்லாத ‘லெஃப்ட்’, ‘ஃபார்மேட்’ போன்றவையும் சேர்ந்து விழுகின்றன.

சாளரத்தை நம்பாதீர்கள். கண்ட்ரோலும் ஜியும் அழுத்தி இம்மீடியட் விண்டோவை (ஒற்றை வரி நிரலை உடனே ஓட்டிப் பார்க்கும் இடம்) திறந்து, ஒவ்வொரு ரெஃபரன்சிடமும் முதலில் ‘இஸ்புரோக்கன்’ (உடைந்ததா) என்று கேளுங்கள், உடையாதவற்றிடம் மட்டும் ‘ஃபுல்பாத்’ (முழுப் பாதை) கேட்டு அச்சிடுங்கள். உடைந்த ரெஃபரன்சிடம் ‘நேம்’ அல்லது ‘ஃபுல்பாத்’ கேட்டால் அதுவே ஒரு பிழையாகிவிடும். இது எனக்கு ஒரு மாலைப்பொழுதைத் தின்ற பாடம். முக்கியமாக, இதை உங்கள் மேசையில் செய்து பயனில்லை. கோளாறு உள்ள கணினியில், அதைப் பயன்படுத்துபவரின் லாகினிலேயே செய்ய வேண்டும். பி டிரைவ் என்பது ஒவ்வொருவரின் லாகினுக்கும் தனித்தனியாகப் பொருத்தப்படுவது. ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ மூலம் அக்சஸைத் திறந்தால் அதே கணினியிலேயே அந்த டிரைவ் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

மறுமொழி (நிரலர்)

டிரைவ் எழுத்தை விட்டு, இரட்டைச் சாய்கோட்டுடன் சர்வர் பெயரில் தொடங்கும் பாதையை வையுங்கள் என்பார்கள். அது முதல் சிக்கலைத் தீர்க்கலாம், இரண்டாவதைத் தீர்க்காது. பதிந்து வைத்த பாதையில் கோப்பு இல்லையென்றால் அக்சஸ் உடனே கைவிரிப்பதில்லை. அதே பெயருள்ள கோப்பை விண்டோஸ் கோப்புறைகள், முன்கோப்பு இருக்கும் கோப்புறை எனப் பல இடங்களில் தேடி, கிடைத்ததை ஓசையில்லாமல் எடுத்துக்கொள்கிறது. பிழை காட்டும் கணினியைவிடப் பிழை காட்டாத அந்த இரண்டையே நான் அஞ்சுவேன்.

இணைத்த அட்டவணைகளின் பாதையைத் தொடக்கத்திலேயே நிரலால் மாற்றிவிடலாம். முன்கோப்பும் ஏசிசிடிஇ ஆக இருந்தால் ரெஃபரன்சை அப்படித் தொட முடியாது. மேலும், யாராவது ஒருவர் திறந்து வைத்திருக்கும்வரை சர்வரில் உள்ள கோப்பின்மேல் புதியதை எழுத விடாது. ஆகவே பொதுநிரலையும் முன்கோப்பையும் ஒரே உள்ளூர்க் கோப்புறையில் வைத்து, லாகின் ஆகும்போது ஒரு பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு கோப்பு) இரண்டையும் சேர்த்தே சர்வரிலிருந்து நகலெடுக்கும்படி செய்வதுதான் என் வழி. அந்தக் கோப்புறையை, அக்சஸ் நம்பும் இடங்களின் பட்டியலான டிரஸ்டட் லொக்கேஷனில் சேர்க்க மறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. முதல் கணினியில் சர்வர் பகிர்வு பி அன்று, இசட் என்று பொருத்தப்பட்டிருந்தது. மற்ற இரண்டிலும் ‘ஃபுல்பாத்’ காட்டியது முன்கோப்பின் பக்கத்திலேயே கிடந்த ஒரு பழைய நகலை. சோதனைக்காக நானே போட்டு மறந்தது. காலையில் பி டிரைவ் இணையும் முன்பே அவர்கள் அக்சஸைத் திறந்துவிடுவதால் அந்த நகலே ஏறியிருக்கிறது. அதே கோப்புறைக்குள் புதிய முன்கோப்பை எத்தனை முறை போட்டிருப்பேன்!

பேட்ச் கோப்பு போட்டபின் பத்துக் கணினிகள் சரியாகிவிட்டன. அண்மையில் வாங்கிய பதினொன்றாவது மட்டும், கோப்பு கண்ணெதிரே இருந்தும், திறக்க மறுக்கிறது.

மறுமொழி (நிரலர்)

அதில் இருப்பது 64 பிட் ஆஃபீஸா என்று பாருங்கள். ஆஃபீஸ் 2019 முதல் கேட்காமலே நிறுவப்படுவது அதுதான். 32 பிட்டில் உருவாக்கிய ஏசிசிடிஇ அதில் திறக்காது. ஆஃபீஸை 32 பிட்டாக மாற்றி நிறுவுங்கள், அல்லது இரு கோப்புகளையும் அந்தக் கணினியிலேயே ஏசிசிடிபியிலிருந்து (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) மறுபடி உருவாக்குங்கள்.