நடப்பேன் என்ற நம்பிக்கையைத் தள்ளி வைத்தால் எல்லாவற்றையும் விட்டதாகிவிடுமா?

ஜன்னலோரம் (கேள்வி)

வணக்கம். வயது 29. விபத்தில் முதுகுத்தண்டில் அடி, டி12 மட்டம் (மார்புப் பகுதி முள்ளெலும்புகளில் கடைசி). இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிசியோ விடாமல் நடக்கிறது. கைகளில் நல்ல பலம் வந்திருக்கிறது, கால் அப்படியேதான் இருக்கிறது.

"உனக்கென்று அளவெடுத்து ஒரு வீல்சேர் வாங்கிக்கொள்" என்கிறார் பிசியோ. இதுவரை ஓட்டிக்கொண்டிருப்பது இரவல் நாற்காலி. என்னைப் போல ஒன்றரை ஆள் அதில் உட்காரலாம். சக்கரத்தைப் பிடிக்கவே தோளை அகட்டிக் கையை வெளியே நீட்ட வேண்டும். சாயங்காலமானால் தோள்பட்டை விண்விண் என்று தெறிக்கும்.

வீட்டில் பேச்செடுத்ததும் அம்மா அழுதுவிட்டார். "நீதான் நடக்கப் போகிறாயே, சொந்தமாக எதற்கு?" அப்பா வாயே திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அம்மா கேட்டதுதான் எனக்குள்ளும் ஓடுகிறது. அளவெடுக்கச் சம்மதித்தால், 'இனி இவ்வளவுதான்' என்று நானே கையெழுத்துப் போட்டது போலாகிவிடாதா?

சொந்தக்காரர்கள் வேறு வீடியோவாக அனுப்பித் தள்ளுகிறார்கள். செயற்கைக்காலோடு ஒருவர் மலையேறுகிறார். அவருக்கு இல்லாதது கால், எனக்கு வராதது மூளையின் கட்டளை என்று எத்தனை பேருக்கு விளக்குவது?

நீண்ட காலமாக இப்படி வாழ்கிறவர்களிடம் கேட்கிறேன். நம்பிக்கை என்று எதை வைத்திருக்கிறீர்கள்? ஆறுதல் நிறையக் கேட்டாகிவிட்டது. நடைமுறையில் சொல்லுங்கள்.

விடியல்வரும்

மனம் தளராதே தம்பி. நினைத்தால் முடியாதது எதுவும் இல்லை. வீல்சேர் பக்கம் மட்டும் போய்விடாதே, உடம்பு அதற்குப் பழகிவிடும். அப்புறம் கால் எழும்பவே எழும்பாது.

மூன்றாம்சக்கரம்

விடியல்வரும் நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே, தம்பி.

எனக்கு டி10. அடிபட்டபோது உன்னைவிடச் சின்னவள், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். தண்டுவடம் எவ்வளவு சேதமாகியிருக்கிறது என்பதுதான் திரும்பி வருவதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. வருவதில் பெரும்பகுதி முதல் வருஷத்திலேயே வந்துவிடும், அதன்பிறகு வந்தாலும் மெதுவாகத்தான். நீ எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய் என்பது நரம்புக்குத் தெரியாது. தோளுக்குத் தெரியும், பின்புறத் தோலுக்குத் தெரியும்.

நாளைக்கே ஒரு சிகிச்சை வருகிறது என்று வைத்துக்கொள். படுக்கைப்புண்ணோடும், மடங்கி இறுகிப்போன முட்டியோடும், தேய்ந்த தோளோடும் போய் நின்றால் என்ன சொல்வார்கள்? முதலில் இதையெல்லாம் சரி செய்துகொண்டு வா என்பார்கள். நடக்கும் ஆசையை நீ மூட்டை கட்ட வேண்டியதில்லை. அந்த ஆசைக்காகவே உடம்பைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும், அதற்கு உன் அளவு நாற்காலி வேண்டும். இரண்டும் சண்டை போடுகிற விஷயமே இல்லை.

நம்பிக்கை என்று எதை வைத்திருக்கிறேன் என்று கேட்டாய். என் காலையைச் சொல்கிறேன். எழுந்ததும் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியைப் பிடித்து உட்காரும் எலும்புகள், வால் எலும்பு, குதிகால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன். எங்காவது சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுப்பேன். வெளுத்துவிட்டுப் பழையபடி நிறம் வந்தால் பெரிய பயமில்லை. அழுத்தியும் வெளுக்காவிட்டால் அன்றைக்கு அந்த இடத்தின்மேல் உட்காருவது கிடையாது. கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குப் படாமலே போகும். சூடாக இருக்கிறதா, கெட்டித்திருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இதை எந்த வீடியோவிலும் இசை போட்டுக் காட்ட மாட்டார்கள். ஆனால் கண்ணாடியில் தோல் சுத்தமாக இருந்தால் அன்று வேலைக்குப் போகலாம், வெளியே சுற்றலாம், யாரோடாவது சண்டைகூடப் போடலாம். எனக்கு வேண்டியது அந்த ஒரு நாள். அடுத்த நாளுக்கு அடுத்த நாள் பார்த்துக்கொள்வேன்.

லுட்விக் குட்மன் என்ற மருத்துவரைப் பற்றித் தேடிப் படி. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் தண்டுவடக் காயத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர். அதற்கு முன் நம்மைப் போன்றவர்களில் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரமே இறந்துபோனார்கள். தேறுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவே இல்லை. அவர் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தார். உட்கார வைத்தார், வேலை கொடுத்தார், விளையாட வைத்தார். 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் 16 பேரை வீல்சேரில் உட்கார வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்ஸ் அங்கிருந்து வளர்ந்ததுதான். எனக்கு விளையாட்டு சுத்தமாக வராது, அது வேறு கதை. ஆனால் அந்த ஆட்களை அவர் எழுந்து நடக்க வைக்கவில்லை, பாரு. நாற்காலியில் இருந்தபடியே அவர்களுக்கு வாழ்க்கை திரும்பக் கிடைத்தது.

வீடியோ அனுப்புகிறவர்களை மியூட் செய். மரியாதைக் குறைவெல்லாம் இல்லை.

அளவுநாடா

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சியும் கருவிகளும் அமைத்துத் தருகிறவர். நாற்காலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தோள்வலிக்கு அகல இருக்கை ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். இருக்கை உங்கள் இடுப்பகலத்தைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது. முட்டிக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி போதும். கையைத் தொங்கவிட்டால் விரல்நுனி சக்கரத்தின் அச்சைத் தொட வேண்டும். பின்சக்கரம் கொஞ்சம் முன்னால் இருந்தால் தள்ளுவது எளிது, ஆனால் பின்பக்கம் கவிழும் வாய்ப்பும் கூடும். அதனால் அதை நகர்த்தி மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

நாற்காலியைவிடக் குஷனுக்கு அதிக யோசனை கொடுங்கள். கைகளை ஊன்றி எழும்பி அழுத்தத்தைக் குறைக்கப் பலர் பழகியிருப்பார்கள். ஆனால் தோலுக்குள் ரத்த ஓட்டம் முழுசாகத் திரும்ப இரண்டு நிமிடம் வரை ஆகும். அவ்வளவு நேரம் கையில் நிற்க யாராலும் முடியாது, தோளும் கெடும். முன்னால் குனிந்து மார்பைத் தொடையோடு சாய்த்து இரண்டு நிமிடம் இருங்கள். அரை மணிக்கொரு முறையாவது செய்ய வேண்டும்.

அளவெடுக்கும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். பழைய நாற்காலியில் நீங்கள் திணறுவதையும், சரியான அளவில் சட்டென்று திரும்புவதையும் அவர் பக்கத்திலிருந்து பார்க்கட்டும்.

இடதுகை

எனக்குப் பிறந்ததிலிருந்தே பெருமூளை வாதம். 'முன்பு நடந்தேன்' என்ற நினைவே கிடையாது, அதனால் உங்கள் இழப்பு எனக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஒரு தகவல் மட்டும். 1978-இல் வெளியான ஓர் ஆய்வில் லாட்டரி ஜெயித்தவர்களையும் விபத்தில் முடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். முடங்கியவர்கள் தங்கள் மகிழ்ச்சிக்குக் கொடுத்த மதிப்பெண் மற்றவர்களைவிடக் குறைவுதான். ஆனாலும் அளவுகோலின் பாதிக்கு மேலேயே இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் போடும் கணக்கு அதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

இன்னொன்று. தூக்கமும் பசியும் போய், எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தண்டுவடக் காயம் பட்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு மருத்துவம் இருக்கிறது, மனஉறுதியை வைத்து மட்டும் சமாளிக்கப் பார்க்க வேண்டாம்.

ஜன்னலோரம்

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். சிகிச்சை வந்தால் உடம்பு தயாராக இருக்க வேண்டும் என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி படிக்கச் சொன்னார். அளவெடுக்க வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பாதான் டேப்பைத் தேடி எடுத்து வந்து என் இடுப்பை அளந்தார். இரவல் நாற்காலி நாலு அங்குலம் அதிகம்.

குனிந்து பார்த்தேன். முன்னால் விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, இடுப்புக்குக் கீழே பிடிப்பே இல்லை. அப்புறம், பின்னால் கவிழாமலிருக்க வைக்கும் சின்னச் சக்கரங்கள் எனக்குத் தேவையா?

மூன்றாம்சக்கரம்

முதலில் எதிரே ஒரு மேஜையைப் போட்டு, அதில் முழங்கையை ஊன்றிக் குனி. பயம் போனதும் மேஜையை எடுத்துவிடலாம். சின்னச் சக்கரம் இப்போதைக்கு இருக்கட்டும். முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் நிற்கப் பிசியோ கற்றுக்கொடுப்பார். பின்னால் ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு பழகு. அது கைவந்ததும் சின்னச் சக்கரத்தை நீயே கழற்றிவிடுவாய், அது இருந்தால் படிக்கட்டு விளிம்பில் ஏற விடாமல் இடிக்கும். அப்பாவிடம் தொடை நீளத்தையும் அளக்கச் சொல்.